நாலூரானுக்கும் அதுவே

ஸ்ரீபெரும்புதூர் என்னும் பெயர் இன்று மூன்று வகையாக நினைக்கப்படுகிறது. ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை என விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வருவோர்க்கு அது மோட்டார் வாகனங்களும் கைப்பேசிகளும் உருவாகும் இடம். வைணவர்க்கு அது எம்பெருமானார் எனப் போற்றப்படும் இராமாநுசர் அவதரித்த திருத்தலம். நாட்டின் ஏனைய பகுதியினர்க்கோ, 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தியும் அவரைச் சூழ்ந்து நின்றவர் பலரும் குண்டுவெடிப்பில் மாண்ட இடம். வன்முறையின் நினைவுச்சின்னம் ஒன்றைத் தன் எல்லைக்குள் கொண்ட இப்பகுதிக்கு, வன்முறைக்கு உடன்படவும் மறுத்து, அதனைத் திருப்பிச் செலுத்தவும் மறுத்த ஒருவரின் வரலாறும் உரியது. அவர் இராமாநுசரின் தலைமாணாக்கர். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்தவர். கூரத்தாழ்வான் என்பது அவர்தம் பெயர்.

கூரம் வைணவத்தால் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயிலும் அதனைச் சார்ந்த கூரம் செப்பேடும் வரலாற்று மாணவர் நன்கறிந்தவை. ஏழாம் நூற்றாண்டில் சிவனுக்குக் கோயில் எழுந்த அவ்வூரிலேயே, சமயப் பூசலுக்காகக் கண்களை இழக்கப்போகும் வைணவர் பிறந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டு சமயங்களும் ஒரே ஊரின் நீரை உண்டு வளர்ந்தவையே.

மரபு கூறும் கணக்கின்படி ஆழ்வான் 1010ஆம் ஆண்டளவில், சௌமிய ஆண்டு தை மாதம் அத்த நட்சத்திரத்தில் பிறந்தார். அவ்வாறாயின் அவர் இராமாநுசருக்கு ஏழாண்டு மூத்தவர். இயற்பெயர் ஸ்ரீவத்சாங்கர். ஆண்டாள் என்னும் நங்கையை மணந்தார். பெருநிலக்கிழாராக விளங்கிய அவர் இல்லத்தில் பகல் முழுதும் அன்னதானம் நிகழும் என்றும், இரவில் வாயிற் கதவுகளை அடைக்கும் ஓசை காஞ்சிப் பேரருளாளன் கோயில்வரை கேட்கும் என்றும், அது என்ன ஒலியெனப் பெருந்தேவித் தாயார் வினவினார் என்றும் கூறுவர். இச்செய்தி காதில் விழுந்ததும் ஆழ்வான் மகிழவில்லை; நாணினார். தம் செல்வத்தின் ஓசை இறைவன் துயிலைக் கெடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதே என்று வருந்தி, உள்ளதனைத்தையும் வழங்கிவிட்டுத் திருவரங்கத்திற்கு நடந்தார்.

வழியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சிறு நிகழ்ச்சி அவர் வாழ்வு முழுமைக்கும் திறவுகோலாக அமைகிறது. காட்டுவழியில் இருள் சூழ்ந்தது. வழிப்பறி அச்சம் உண்டோ என்று ஆண்டாள் கேட்டார். கையில் பொருள் இல்லாதவர்க்கு அச்சம் ஏது என்றார் கணவர். அப்போதுதான் அம்மையார் மடியில் பொன்வட்டில் ஒன்று இருப்பதைத் தெரிவித்தார். கணவர் நாள்தோறும் உண்ட வட்டில் அது. புதிய ஊரில் அவர் உண்ண வேண்டுமே என்று எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதனை வாங்கிப் புதருக்குள் எறிந்துவிட்டு நடந்தார். உரையாசிரியர்கள் இதனைத் துறவின் சிறப்பாகவே காட்டுவர். ஆனால் வன்முறையின் வேர் அச்சம் என்பதும், அச்சத்தின் வேர் காக்க வேண்டிய பொருள் என்பதும் இதனுள் அடங்கியுள்ளன. பிற்காலத்தில் அரசவையில் ஆழ்வான் அஞ்சாது நின்றதற்கான பயிற்சி இந்தப் புதரோரத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம். ஆண்டாளின் பக்கத்தையும் ஒரு சொல் கூறாமல் விடலாகாது. அந்த வட்டில் பேராசையின் அடையாளமன்று. கணவர்மீது கொண்ட பரிவின் அடையாளம். குருபரம்பரை நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

திருவரங்கத்தில் ஒருகாலத்துச் செல்வர் வீடுவீடாகச் சென்று பிச்சையேற்று உண்டார். பராசர பட்டர், வேதவியாச பட்டர் என்னும் மக்கள் இருவரும் அங்குப் பிறந்தனர். பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையொன்று கதறக் கேட்டு, இது யார் அறியக் கூப்பிடுகிறது என்று அவர் கலங்கி அழுதாராம். இத்தகைய செய்திகள் அடியார் வரலாறுகளில் மிகுதி. இவற்றை மட்டும் கொண்டு ஒருவரை அகிம்சையின் வடிவம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இரக்கம் இயல்பிலேயே சிலர்க்கு வாய்ப்பது. மறுப்போ தேர்ந்து கொள்வது. ஆழ்வானின் பெருமை இரண்டாவதில் இருக்கிறது.

அவருடைய முதல் மறுப்பு, பகைவன் முன்பன்று, ஆசிரியர் முன்பு நிகழ்ந்தது. பிரம்மசூத்திரத்திற்கு உரை வகுக்க விரும்பிய இராமாநுசர், போதாயனரின் விருத்தியுரையைக் காண ஆழ்வானுடன் காசுமீரம் சென்றார். ஏட்டை முழுதும் பார்க்குமுன் அங்குள்ளோர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இராமாநுசர் வருந்த, இரவுகளில் அதனைப் படித்து மனத்தில் பதித்துவிட்டதாக ஆழ்வான் பணிவுடன் தெரிவித்தார். பின்னர்த் திருவரங்கத்தில் ஸ்ரீபாஷ்யம் உருவானபோது, இராமாநுசர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் ஆழ்வானே. சொல்லப்படும் கருத்தில் தமக்கு உடன்பாடு இல்லையெனில் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களுக்கிடையே இருந்த ஏற்பாடு. உயிரின் இயல்பை விளக்கும் இடத்தில், அறியும் தன்மையையே அதன் இலக்கணமாகக் கூறி, இறைவனுக்கு அடிமைப்பட்டிருக்கும் தன்மையை விட்டு இராமாநுசர் சொன்னார். எழுத்தாணி நின்றது. மீண்டும் சொன்னார், அப்போதும் நகரவில்லை. சினம் மிகுந்த ஆசிரியர், நீரே உரை எழுதிக்கொள்ளும் என்று எழுந்துவிட்டார். காலால் உதைத்தார் என்றுகூடச் சில நூல்கள் கூறும். ஆழ்வான் வாதிடவில்லை, எழுந்து போகவுமில்லை. அருகிருந்தோர் கேட்டபோது, உடைமையை உடையவர் எப்படியும் செய்துகொள்ளலாம் என்ற பொருள்பட விடையிறுத்தார். அவ்விடையிலேயே அவர் கொண்ட கருத்தும் அடங்கியிருந்தது. உயிர் உடைமை, இறைவன் உடையவன் என்பதே அவர் எழுத்தாணியை நிறுத்தியதன் காரணம். இராமாநுசர் தனித்திருந்து சிந்தித்து, மாணாக்கர் பக்கமே உண்மை எனத் தெளிந்து, கருத்தைத் திருத்தி உரைத்தார். எழுத்தாணி மறுபடி நகர்ந்தது.

இங்கே ஆழ்வான் செய்தது மிகச் சிறிய செயல். செயலின்மை என்றே சொல்லலாம். எழுதுவதை நிறுத்தினார், அவ்வளவே. ஆசிரியரை இழிவுபடுத்தவில்லை, தம் கருத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. எதிரில் இருப்பவர் திருந்தக்கூடியவர் என்ற நம்பிக்கை இவ்வகை மறுப்பின் உயிர்நாடி. அந்த நம்பிக்கை இராமாநுசரிடம் பலித்தது. அரசனிடம் பலிக்கவில்லை.

சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று எழுதிய ஓலையில் அறிஞர் அனைவரும் கையொப்பமிட வேண்டுமென ஆணையிட்டான் என்பது வைணவ மரபு. அம்மன்னன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. முதற் குலோத்துங்கன் என்பர் சிலர். அதிராசேந்திரன் என்றும், இரண்டாம் குலோத்துங்கன் என்றும் கூறுவாரும் உளர். முதற் குலோத்துங்கன் காலத்துக் கொடைக் கல்வெட்டுகள் திருவரங்கத்திலேயே பல உள்ளன என்பதையும் மறக்கலாகாது. ஆகவே இதனைச் சைவம் முழுவதன் மீதும் சுமத்துவது நீதியன்று. அரசு அதிகாரம் ஒரு சமயத்தின் பெயரை எடுத்துக்கொண்டு மனச்சான்றின்மீது கைவைத்த நிகழ்ச்சியாகக் கொள்வதே பொருந்தும்.

பலர் கையொப்பமிட்டனர். அவர்களைக் குறைகூறுவதும் எளிதன்று. குடும்பமும் உயிரும் அவர்களுக்கும் இருந்தன. அப்போது நாலூரான் என்னும் அமைச்சன், இவர்கள் ஆயிரவர் இட்டும் பயனில்லை, இராமாநுசரும் கூரத்தாழ்வானும் இட்டாலன்றி இந்த ஓலைக்கு மதிப்பில்லை என்று மன்னனுக்கு எடுத்துரைத்தான். இந்த நாலூரான் ஆழ்வானிடம் பாடங்கேட்ட மாணாக்கன் என்கிறது மரபு. ஆசிரியரின் உறுதியை அறிந்திருந்தமையாலேயே அவனால் அவரைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

வீரர் மடத்தைச் சூழ்ந்தபோது, ஆழ்வான் இராமாநுசரின் காவியாடையை உடுத்தி, முக்கோலை ஏந்தி வெளியே வந்தார். இராமாநுசர் வெள்ளாடை அணிந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். நெடுவழி நடந்து கன்னட நாட்டின் மேல்கோட்டையில் தங்கினார். இராமாநுசரின் ஆசிரியருள் ஒருவரான முதியவர் பெரிய நம்பியும், அவர் மகள் அத்துழாயும் ஆழ்வானுடன் சென்றனர். மாற்றுடை அணிந்து ஏமாற்றுவது வாய்மைக்கு ஒத்ததா என்னும் வினா இங்கு எழாமற் போகாது. ஆழ்வான் அந்த ஆடையைத் தாம் தப்புவதற்கு அணியவில்லை, அகப்படுவதற்கே அணிந்தார் என்பது ஒன்றே விடையாகத் தோன்றுகிறது. மறுப்பவன் விலையைத் தானே செலுத்த வேண்டும் என்ற நெறிக்கு அது மாறுபடவில்லை. ஆயினும் பெரிய நம்பியும் அவ்விலையில் பங்கு செலுத்த நேர்ந்தது என்னும் உறுத்தல் எஞ்சவே செய்கிறது.

அவையில் ஓலை நீட்டப்பட்டது. ஆழ்வான் வாதிட்டார், மன்னன் வாதத்தை விரும்பவில்லை, கையொப்பத்தையே விரும்பினான். ஆழ்வான் எழுத்தாணியை எடுத்து, சிவத்தைவிடப் பெரியது துரோணம் என்று பொருள்படும் ஒரு தொடரை எழுதினார். சிவம் என்னும் வடசொல்லுக்குக் குறுணி என்னும் அளவுப் பொருளும் உண்டு. துரோணம் என்பது பதக்கு. பதக்கு என்பது இரண்டு குறுணி. நெல் அளக்கும் களத்தில் எந்த உழவனும் அறிந்த உண்மையை எழுதி வைத்தார். அவையோர் சிரித்தனரோ, திகைத்தனரோ, மன்னன் சினந்தான். அடக்குமுறையின் முன் நகைச்சுவை ஒரு படைக்கலம் என்று இதனை வியந்து பாராட்டுவோர் உண்டு. இது ஆழ்வானின் வாழ்வில் சற்றுக் கூர்மையான இடம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிவனை வழிபடும் எளிய அடியவர்க்கு அச்சொல் தைத்திருக்கக் கூடும்.

கண்களைப் பறிக்க ஆணை பிறந்தது. மன்னனின் ஆட்கள் பறித்தனர் என ஒருசார் நூல்களும், கொடியவனைக் கண்ட கண்கள் வேண்டா என்று ஆழ்வான் தாமே பறித்தெறிந்தார் எனப் பிறிதொருசார் நூல்களும் கூறும். இரண்டாவதே உண்மையாயின், அக்கணத்தில் ஆழ்வான் உள்ளத்தில் கனிவு இல்லை, கனல் இருந்தது. அதனை மறைத்து அவரை எப்போதும் புன்னகைக்கும் சிலையாக்கிவிட வேண்டிய தேவையில்லை. அடித்தவனை அடிக்காமல் இருந்தார். அவனை அப்போதே மன்னித்துவிட்டார் என்று யாரும் எழுதவில்லை.

பெரிய நம்பியும் இணங்க மறுத்துக் கண்களை இழந்தார். நூற்றைந்து வயது என்று மரபு சொல்லும் அம்முதியவரால் வலியைத் தாங்க இயலவில்லை. திருவரங்கம் திரும்பும் வழியில், தஞ்சைக்கு அருகில் பசுபதிகோயில் என்று வழங்கும் ஊரில், ஆழ்வானின் மடியில் தலைவைத்து உயிர்நீத்தார். அரங்கம் அண்மையில்தான் உள்ளது, சற்றுப் பொறுத்தருள வேண்டும் என்று ஆழ்வான் வேண்டியபோது, அரங்கத்தில் இறந்தால்தான் வீடுபேறு என்று பின்னுள்ளோர் எண்ணிவிடுவர் என மறுத்தாராம். பார்வையிழந்த மாணாக்கரின் மடியில் பார்வையிழந்த ஆசிரியர், அருகில் மகள். அத்துழாயின் துயரைப் பற்றியும் நூல்கள் விரிவாகப் பேசுவதில்லை.

மறுத்தல் என்பது ஒருமுறை செய்து முடிவதன்று. திருவரங்கம் திரும்பிய ஆழ்வான் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டார். இராமாநுசரைச் சார்ந்தோரை உள்ளே விடலாகாது என்பது ஆணை. காவலர் ஒருவர் மட்டும், இவர் எல்லார்க்கும் நல்லவர், இவரை விடலாம் என்றார். நல்லெண்ணத்துடன் திறந்த கதவு அது. தம்முடைய நற்குணத்திற்காகத் திறக்கும் கதவு, தம் ஆசிரியரின் தொடர்பைத் துறந்தால்தான் திறக்குமெனின் அது தமக்கு வேண்டா என்று ஆழ்வான் திரும்பிவிட்டார். கண்ணைக் கேட்ட மன்னனுக்கு மறுத்ததைவிட, கனிவு காட்டிய காவலனுக்கு மறுத்தது அரிய செயல் என்று சொல்லத் தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசு 1907இல் ஆசியர் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பதிவு செய்ய மறுத்துச் சிறை சென்றோருள் தமிழர் மிகுதியாக இருந்தனர். 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சான்றுகள் தீயிலிடப்பட்டன. 1916இல் பிரிட்டனில் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தபோது மனச்சான்றின் பெயரால் படைக்கலம் ஏந்த மறுத்தோர் சிறையேகினர். காலமும் கொள்கையும் வேறு வேறாயினும், ஒரு கையொப்பம் இத்துணைப் பெரிதா என்று அவர்களை நோக்கியும் கேட்கப்பட்டிருக்கும். இடாத கையொப்பத்தின் எடையை, இடுமாறு வற்புறுத்தும் அரசே நன்கு அறியும்.

கண்ணிழந்த ஆழ்வான் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை சென்று தங்கினார். அழகர்மலையின் அடியில், காணமுடியாத அழகனைப் பற்றி அவர் பாடியது சுந்தரபாகு ஸ்தவம். அவர் இயற்றிய பஞ்ச ஸ்தவங்களுள் அது ஒன்று. இராமாநுசர் மேல்கோட்டையிலிருந்து திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பர். இந்த நெடிய இடைவெளியை வரலாறு எழுதுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆழ்வானின் உள்ளத்தில் கனல் தணிந்ததும், நாலூரானைப் பற்றிய எண்ணம் மாறியதும், மாறியிருப்பின், இக்காலத்திலேயே நிகழ்ந்திருக்க வேண்டும். மன்னிப்பு ஓரிரவில் விளையும் பயிரன்று.

மன்னன் கழுத்தில் புண் புழுத்து மடிந்தான் என்றும், அதனாலேயே கிருமிகண்டன் எனப்பட்டான் என்றும் வைணவ நூல்கள் பேசுகின்றன. துன்புற்ற ஒரு சமூகம் தன் நினைவில் எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. அதனைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஆழ்வானின் பாடல்களை மரபு போற்றிக்கொண்டே, அவர் விட்டுவிட்ட பழியை மரபு விடாமல் பிடித்துக்கொண்டது என்பதும் உண்மை.

திரும்பி வந்த இராமாநுசர், ஆழ்வானைக் கண்டு கட்டித் தழுவி அழுதார். தம் பொருட்டு இது நேர்ந்ததே என்றார். ஆழ்வானோ, யாரோ ஓர் அடியாரின் திருமண்காப்பு கோணலாயிருப்பதாகத் தாம் ஒருகால் எண்ணியிருக்கலாம், அக்குற்றத்தின் பயன் இது என்று ஆற்றினார். இன்றைய வாசகர்க்கு இவ்விடம் உவப்பளிக்காது. துன்புற்றவர் குற்றத்தைத் தம்மேல் ஏற்றிக்கொள்வது நெறியாகிவிட்டால், துன்புறுத்தியவர் எளிதில் தப்பிவிடுவர். அழும் ஆசிரியரைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல்லாகவே இதனைக் கொள்ளுதல் தகும்.

பின்னர் இராமாநுசர் அவரைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்றார். கேட்டதைத் தரும் வரதன்முன் பாடிக் கண்களைப் பெறுமாறு பணித்தார். ஆழ்வான் வரதராச ஸ்தவம் பாடினார். வேண்டுவது யாது என்று இறைவன் கேட்க, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று வேண்டினார். கண்கள் நினைவுக்கு வரவில்லை. இராமாநுசர் முதலில் வருந்தினார். தம் எண்ணம் நிறைவேறவில்லையே என்று உள்ளங் குலைந்தார். பிறகு இறைவனையும் ஆசிரியரையும் மட்டும் காணும் பார்வை ஆழ்வானுக்கு அருளப்பட்டது என்று முடிப்பர் சிலர்.

நாலூரான் குற்றமற்றவன் என்று ஆழ்வான் கூறவில்லை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். அவன் செய்ததை மறக்கவுமில்லை. மறந்திருந்தால் அந்த நேரத்தில் அவன் பெயர் நாவில் வந்திராது. கண்ணைப் பறிகொடுத்தவர், பறிக்கக் காரணமானவனைத் தம் கதியிலிருந்து பிரித்து நிறுத்த மறுத்தார். ஓலைக்குச் சொன்ன மறுப்பும் இதுவும் ஒன்றே. மன்னன் வகுத்த கோட்டின் இப்பால் நிற்கவும் அவர் இசையவில்லை. அப்பால் நின்று பகைக்கவும் இசையவில்லை.

இத்தகைய வேண்டுதல் புராண காலத்திற்கே உரியது என்பார் உளர். ஸ்ரீபெரும்புதூர்க் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பெண்ணின் தண்டனை 2000ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. கணவரை இழந்த சோனியா காந்தி அப்பெண்ணுக்காகக் கருணை வேண்டியிருந்தார். 2008 மார்ச்சில் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று அப்பெண்ணை நேரிற் சந்தித்தார். அதே குண்டுவெடிப்பில் உறவினரை இழந்த பிற குடும்பங்களும் உள்ளன. அவர்கள் அனைவரும் அவ்வாறே உணர வேண்டும் என்று கேட்க எவர்க்கும் உரிமையில்லை. இராமாநுசரே ஆழ்வானிடம் கண்ணைக் கேள் என்றுதான் சொன்னாரே தவிர, நாலூரானை மன்னி என்று சொல்லவில்லை. அந்த வேண்டுதல் ஆழ்வானுடையது மட்டுமே.

திருவரங்கத்துக் கோயிற்பொறுப்பில் இருந்த திருவரங்கத்தமுதனார் ஆழ்வானின் மாணாக்கராகி, பின்னர் இராமாநுச நூற்றந்தாதி பாடினார். ஆசிரியரின் ஆசிரியரைப் பாடும் அந்நூலின் ஏழாம் பாட்டில், குலம், கல்வி, செல்வம் ஆகிய மூன்றின் செருக்கையும் கடந்தவராகக் கூரத்தாழ்வானைப் போற்றுகிறார்.

இறுதியில் ஆழ்வான் அரங்கன்முன் சென்று வீடுபேறு வேண்டிப் பெற்றுவிட்டார். செய்தி கேட்ட இராமாநுசர் பதறி வந்து, தம்மை விட்டு முன்னே செல்வது முறையோ என்று கேட்டார். ஆசிரியர் அங்கு வரும்போது எதிர்கொண்டு அழைக்க மாணாக்கன் முன்னதாகச் சென்றிருக்க வேண்டுமன்றோ என்றார் ஆழ்வான். இராமாநுசர் அவர் செவியில் மந்திரம் ஓதி, முதுகைத் தடவி விடைகொடுத்தார் என்பர். தை அத்தத்தன்று கூரத்தில் அவர் திருநாள் கொண்டாடப்படுகிறது.